எட்டாம் நம்பரைப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கால்பந்தின் நடுக்களத்தைப் பற்றியவை. படிக்கப் படிக்க சந்தோஷமாக இருந்தது. சென்னை லீகில் இரண்டாம் டிவிஷனில் 11 வருஷம் அந்த இடத்தில் ஓடியவன் நான். கோல் போட்டவனைப் பற்றி ஊரே பேசும், அவனுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவனைப் பற்றிப் பேச ஆளே கிடைக்காது. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறேன்.

கே: எங்கள் டீம் சீனியர் டிவிஷனில் கடைசி ஐந்து மேட்சில் நாலு ஜெயித்திருக்கிறது. இந்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான் என்கிறேன். ‘டீம் ஃபார்மிலேயே இல்லை’ என்கிறான் என் தம்பி. இரண்டு வாரமாக வீட்டில் பேச்சு வார்த்தையே இல்லை. யார் சொல்வது சரி?
– வியாசர்பாடி வாசகர்

ப: முதலில் தம்பியிடம் பேசுங்கள். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஐந்து மேட்ச் விவரத்தையும் கோல் விழுந்த விதத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அதை வைத்துத்தான் சொல்கிறேன். நாலு வெற்றியில் மொத்தம் ஆறு கோல். நாலு கோல் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்தவை. ஒன்று பெனால்டி. ஓடுகிற ஆட்டத்தில் பந்தை நகர்த்திக் கொண்டுபோய்ப் போட்ட கோல் ஒன்றே ஒன்று. கார்னரில் கோல் அடிப்பது கௌரவக் குறைச்சல் இல்லை, அதுவும் உழைப்புதான். ஆனால் உங்களுக்கு ஹெடர் அடித்துத் தருகிற அந்த உயரமான ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாட்டக்காரர்) ஒரு மேட்ச் உட்கார்ந்துவிட்டால் கோல் எங்கிருந்து வரும்?

இனி தோற்ற மேட்சைப் பாருங்கள். மூன்று கோல் வாங்கியிருக்கிறீர்கள். மூன்றும் உங்கள் பெனால்டி பாக்ஸுக்கு நேர் எதிரே, நடுவிலிருந்து அடித்தவை. அன்றைக்கு யார் ஆடவில்லை? மஞ்சள் அட்டைகள் சேர்ந்துபோய் வெளியே உட்கார்ந்த உங்கள் ஆறாம் நம்பர், அதாவது தடுப்புக்கு முன்னால் நின்று காக்கும் நடுக்களத்துக்காரர். அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: ‘பெரிசா எதுவும் பண்ணமாட்டாரு.’ அவர் இல்லாத ஒரு நாளில் என்ன நடந்தது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நம்ம ஊர் லீகில் ஃபார்ம் பார்க்க இன்னொரு கணக்கும் வேண்டும். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி மாதிரி ஆபீஸ் டீம்களும் கிளப் டீம்களும் ஒரே களத்தில் மோதுகிற ஊர் இது. ஆபீஸ் டீம் பையனுக்கு வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது. கிளப் பையன் காலையில் டெலிவரிக்குப் போய்விட்டு, மதிய வெயிலில் பைக்கை நிறுத்திவிட்டு அப்படியே ஸ்டட்ஸ் மாட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ் டோர்னமென்ட்டில் நாலு மேட்ச் ஆடியிருப்பான். அந்தப் பரிசுப் பணம் வீட்டுக்கு வேண்டும், அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசே வராது. ஆனால் செவ்வாய்க்கிழமை லீக் மேட்சில் அறுபதாவது நிமிஷத்துக்கு மேல் அவன் கால் கனத்துப்போகும். முதலில் கனக்கிற கால் நடுக்களத்துக்காரனுடையதுதான், மற்ற எல்லோரையும்விட அதிகம் ஓடுகிறவன் அவன். அதனால் ஸ்கோரை மட்டும் பார்க்காமல், கோல் எத்தனையாவது நிமிஷத்தில் வாங்கினீர்கள் என்று பாருங்கள். கடைசி அரை மணியில் வாங்குகிறீர்கள் என்றால் புள்ளிப் பட்டியல் அழகாக இருந்தாலும் டீம் களைத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

கோப்பை யாருக்கு என்று நான் சொல்லப் போவதில்லை. மீதி மேட்சில் ஆறாம் நம்பர் மஞ்சள் அட்டை வாங்காமல் இருக்கட்டும்.

கே: சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு இங்கிலாந்து கீழ் டிவிஷன் ஸ்கோரை போனில் பார்க்க நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். நான் லூட்டன் டவுன் ரசிகன். பெல்லி ரடக் எம்பான்ஸு அருமையான மிட்ஃபீல்டர் என்றேன். ‘எத்தனை கோல் போட்டார்?’ என்று கேட்டு எல்லோரும் என்னை மடக்குகிறார்கள். என்ன பதில் சொல்ல?
– ராயபுரம் வாசகர்

ப: கேள்வியையே மாற்றச் சொல்லுங்கள். ‘எத்தனை கோச் அவரை டீமில் வைத்துக்கொண்டார்கள்?’ என்று கேட்கட்டும்.

2008-09 சீசனில் லூட்டனுக்கு 30 புள்ளி வெட்டப்பட்டது. ஆட்டம் தொடங்குமுன்பே மைனஸ் 30. அந்த வருஷமே நாலாம் டிவிஷனிலிருந்தும் விழுந்து ஐந்தாம் நிலைக்குப் போனார்கள். அந்த அடிமட்டத்தில் இருந்தபோது வந்து சேர்ந்தவர் எம்பான்ஸு. 2014-ல் ஒரு படி, 2018-ல் ஒரு படி, 2019-ல் ஒரு படி, 2023-ல் பிரீமியர் லீக். ஐந்தாம் நிலையிலிருந்து முதல் நிலை வரை ஒரே கிளப்போடு ஏறிய முதல் ஆட்டக்காரர் அவர்தான். இடையில் ஜான் ஸ்டில், நேதன் ஜோன்ஸ், கிரேம் ஜோன்ஸ், ராப் எட்வர்ட்ஸ் என்று கோச்சுகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாணி. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவர் பயன்பட்டார்.

டிவிஷன் ஏற ஏற நடுக்களத்தில் என்ன மாறும் தெரியுமா? நேரம் குறையும். கீழே இருக்கும்போது பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, பிறகு பாஸ் போட இடம் கிடைக்கும். ஒரு படி மேலே போனால் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் மேலே வந்து விழுவான். ஒன்பது வருஷத்தில் நாலு முறை அப்படிக் குறைந்த நேரத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்ட ஆளை, கோல் கணக்கை வைத்துத் தட்டிவிட முடியாது. உங்கள் நண்பர்களிடம் இதை என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

2024-லும் 2025-லும் அடுத்தடுத்து லூட்டன் கீழே இறங்கியது உண்மை. அதைச் சொல்லியும் உங்களைச் சீண்டுவார்கள். பத்தாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரும் கெனில்வொர்த் ரோடு மைதானத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம் என்று சொல்லுங்கள். வெளியூர் ரசிகர்கள் அங்கே உள்ளே போகும் வழி வரிசை வீடுகளுக்கு அடியில் இருக்கிறது. நம்ம பக்கம் ஸ்டோர் வீட்டு நடை வழியாகப் பின்கட்டுக்குப் போகிற மாதிரி. படி ஏறினால் பக்கத்து வீடுகளின் கொல்லைப்புறம் கீழே தெரியும்.

கே: என் மகனுக்கு 14 வயது. நடுவில் ஆடுகிறான். இரண்டு வருஷமாக ஒரு கோல்கூடப் போடவில்லை. ‘ஃபார்வர்டில் ஆடச் சொல்லு, அப்பத்தான் செலக்ஷனில் எடுப்பாங்க’ என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஆட்டம் தெரியாது. அவன் நன்றாக ஆடுகிறானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?
– அயனாவரத்திலிருந்து ஒரு தாய்

ப: அம்மா, இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையது.

அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காதீர்கள். உங்கள் மகனின் தலையை மட்டும் பாருங்கள்.

காலையில் நான் பயிற்சி கொடுக்கும் பையன்களில் இரண்டு பேரைச் சொல்கிறேன். இருவருக்கும் ஒரே மாதிரி பாஸ் வருகிறது. முதல் பையன் தன் கோல் பக்கம் பார்த்து நின்று பந்தை வாங்குகிறான், காலடியில் நிறுத்துகிறான், பிறகு திரும்புகிறான். திரும்பும்போது எதிராளி மூக்குக்கு நேரே நிற்கிறான். பந்து போய்விடுகிறது. பார்க்கிறவர்கள் ‘ஐயோ, பாவம்’ என்பார்கள்.

இரண்டாவது பையன் சின்ன உருவம். அண்ணனுடைய பழைய ஸ்டட்ஸ், முன்னால் துணி அடைத்துப் போட்டிருப்பான். பாஸ் கொடுப்பவன் காலைத் தூக்கும்போதே இவன் தலை இடது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பும். பந்து உருண்டு வரும்போது வலது தோளுக்கு மேல் இன்னொரு முறை. கோழி தலையைத் திருப்புவது மாதிரி வெடுக்கென்று, அரை நொடிகூட ஆகாது. உடம்பு ஏற்கெனவே பக்கவாட்டில் திறந்து நிற்கும். பந்தை அருகில் இருக்கும் காலால் தொடாமல் தள்ளியிருக்கும் காலுக்கு ஓடவிட்டு, உள்ளங்காலால் லேசாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான், எதிராளி தாண்டிப்போய் நிற்பான். நம்ம கிரவுண்டில் கல்லும் மேடும் இருக்கும், பந்து நேராக வராது. அதனால் பாதத்தின் உட்பக்கத்தை நம்பாமல் உள்ளங்காலால் அடக்குகிறான். வடசென்னை சந்துகளில் ஆடிப் பழகிய பையன்கள் நிறைய பேரிடம் இதைப் பார்க்கலாம்.

அந்தத் தலைத் திருப்பலை எண்ணுங்கள் அம்மா. கெய்ர் யோர்டெட் என்ற நார்வே பேராசிரியர் இதையே வருஷக்கணக்கில் எண்ணி ஆராய்ந்திருக்கிறார். பந்து வருமுன் அடிக்கடி திரும்பிப் பார்க்கிற நடுக்கள ஆட்டக்காரர்கள் போடும் பாஸ் அதிகம் போய்ச் சேர்கிறது என்று அவர் கண்டார். உங்களுக்கு ஆட்டம் தெரிய வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். ஒரு நோட்டில் பென்சிலால் கோடு போடுங்கள்.

கோலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். என்கோலோ கான்டே என்று ஒரு பிரெஞ்சுக்காரர். உருவம் சிறியது. 21, 22 வயதில்கூட பூலோன் என்கிற துறைமுக ஊர் கிளப்புக்காக பிரான்ஸின் மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார். அவர் கோல் மழை பொழிந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். பந்தைப் பறிப்பார், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். 2016-ல் லெஸ்டருக்காக பிரீமியர் லீக் கோப்பை, 2017-ல் செல்ஸிக்காக மறுபடி அதே கோப்பை, 2018-ல் உலகக் கோப்பை.

மகனை ஃபார்வர்டுக்கு மாற்றாதீர்கள். செலக்ஷனில் ஒரே ஒரு மேட்ச் வைத்து ஆள் எடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதில் கோல் போட்டவன்தான் கண்ணில் படுவான் என்பது எனக்கும் வருத்தம்தான். அப்படி விடுபட்டால் அடுத்த வருஷமும் கூட்டிப் போங்கள். 14 வயதில் எதுவும் முடிந்துவிடவில்லை.

கே: 6, 8, 10 என்று சொல்கிறார்களே, அப்படியென்றால்?
– கொளத்தூர் மாணவர்

ப: 6 என்றால் தடுப்புக்கு முன்னால் நின்று காப்பவர். (இங்கிலாந்தில் பல காலமாக இந்த இடத்துக்கு 4-ஆம் நம்பர்.) 8 என்றால் இரண்டு பாக்ஸுக்கும் ஓடுகிறவர். 10 என்றால் ஃபார்வர்டுக்குப் பின்னால் நின்று வழி திறப்பவர். ஜூட் பெல்லிங்ஹாம் பர்மிங்ஹாமில் சிறுவனாக இருந்தபோது 4, 8, 10 மூன்றும் உன்னால் முடியும், அதனால் 22-ஐப் போட்டுக்கொள் என்று பயிற்சியாளர் கூட்டிக் கொடுத்த நம்பர்தான் அவர் சட்டையில் இருந்தது. எங்கள் காலத்தில் இங்கே நம்பர் சொல்லமாட்டோம். ‘லிங்க்மேன்’ என்போம். தடுப்பையும் தாக்குதலையும் இணைப்பவன். இன்றைக்கும் எனக்கு அந்த வார்த்தைதான் பிடிக்கும்.

கே: சென்னை சிட்டி டீம் தேசிய அளவிலான ஐ-லீக் ஜெயித்த சீசனில் உண்மையான ஹீரோ யார்? பெட்ரோ மான்ஸிதானே? எங்கள் தெருவில் சூசைராஜ் என்று சொல்லும் ஆளும் இருக்கிறார்.
– திருவொற்றியூர் வாசகர்

ப: சூசைராஜ் அந்த சீசனில் இல்லை. அவர் ஆடியது அதற்கு முந்தைய 2017-18. குமரி மாவட்டக் கடற்கரைப் பையன், அந்த வருஷ ஐ-லீகின் சிறந்த மிட்ஃபீல்டர் விருதே வாங்கினார். ஆனால் டீம் பட்டியலின் கீழ்ப்பக்கம்தான் தடுமாறிக்கொண்டிருந்தது. அவர் ஜாம்ஷெட்பூர் டீமுக்குப் போன அடுத்த சீசனில் டீம் சாம்பியன்! இதை வைத்து ‘சூசைராஜ் போனதே நல்லது’ என்று பேசியவர்கள் உண்டு. அது அநியாயம். முந்தைய வருஷம் பந்தைக் கொண்டுவருவது, உடைத்து உள்ளே போவது, கோல் அடிப்பது எல்லாம் அவர் ஒருவர் தலையில் இருந்தது. அடுத்த வருஷம் கோச் அக்பர் நவாஸ் அந்தச் சுமையை சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டில்லோ என்று பலருக்குப் பிரித்துக் கொடுத்தார். முன்னால் மான்ஸி 21 கோல் அடித்தார்.

கடைசி நாள், 2019 மார்ச் 9. முதல் நாள் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்துக் கோவை போனேன். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிஷத்திலேயே கோல் போட்டுவிட்டார்கள். நேரு ஸ்டேடியமே உறைந்துபோனது. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது, நாம் தவறினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இடைவேளைக்குப் பிறகு மான்ஸியின் பெனால்டி, பிறகு கௌரவ் போராவின் இரண்டு கோல். 3-1. நமக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஹீரோ யார் என்று கேட்டால், என் ஓட்டு நெய்வேலிக்காரர் எட்வின் சிட்னி வான்ஸ்பாலுக்கு. நடுவிலும் ஆடுவார், வலது பின்களத்திலும் ஆடுவார். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே அவரை வைத்து அடைக்கலாம். அப்படி ஒருவர் இருக்கிற தைரியத்தில்தான் முன்னால் இருப்பவர்கள் ஆடமுடியும்.

கே: நந்தகுமார் சேகர் மிட்ஃபீல்டரா, விங்கரா?
– செம்பியம் வாசகர்

ப: விங்கர், ஓரத்தில் ஓடி ஆடுகிறவர். 2023 டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி அவர் அடித்த அந்தக் கோலே சாட்சி. நாலு வருஷத்துக்கு மேல் டெர்பி (ஒரே ஊர் எதிரிகள் மோதும் மேட்ச்) ஜெயிக்காத ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த வெற்றியைக் கொடுத்தவர் நம்ம சென்னைப் பையன்.

கே: எனக்கு 22 வயது, மிட்ஃபீல்டர். முழங்காலில் ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை. கிளப்பில் ‘வந்து பத்து நிமிஷமாவது ஆடு’ என்று கூப்பிடுகிறார்கள். ஆடலாமா?
– புளியந்தோப்பு வாசகர்

ப: கூடாது தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன், ஆடாதே.

வலி இல்லை என்பதால் புதிய தசைநார் பலப்பட்டுவிட்டது என்று ஆகாது. 9 மாதத்துக்கு முன்னால் களத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து கூடுதல். 9 மாதம் ஆன பிறகும், ஆபரேஷன் ஆன காலின் தொடை பலம் மற்ற காலுக்குச் சமமாக வந்துவிட்டதா என்று பிசியோ சோதித்துச் சொல்ல வேண்டும். நேராக ஓடுகிறவனைவிட உனக்கு ஆபத்து அதிகம். ஓடிக்கொண்டே சட்டென்று காலை ஊன்றித் திரும்புவதுதான் நம் வேலையே.

எனக்கு 27 வயதில் இது நடந்தது. அன்றைக்கு நான் ஆடிய கிளப்பில் ‘சுளுக்குதான், ஐஸ் வை’ என்றார்கள். ஸ்கேனுக்குப் பணம் கேட்டேன், அடுத்த மேட்ச் முடியட்டும் என்றார்கள். அந்த அடுத்த மேட்சில் மூட்டு ஜவ்வும் சேர்ந்து கிழிந்தது. அதற்குப் பிறகு நான் லீகில் ஆடவில்லை. இப்போதும் மாடிப்படி இறங்கும்போது வலது கால்தான் முதலில்.

தன்பால் கணேஷை உனக்குத் தெரிந்திருக்கும், வியாசர்பாடி மிட்ஃபீல்டர். 2018 மார்ச் 13, கோவா டீமுக்கு எதிரான இந்தியன் சூப்பர் லீக் செமிஃபைனலில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அவர் கோல் அடித்தபோது நான் அங்கே இருந்தேன். சென்னையின் எஃப்.சி. 3-0, அந்த வருஷம் கோப்பையும் நமக்கே. அடுத்த சீசன் முழுவதையும் முழங்கால் காயம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரே ஒரு வருஷம் வெளியே உட்கார்ந்தார். உன் கிளப் கூப்பிடும் பத்து நிமிஷத்துக்கு எந்த அவசரமும் இல்லை. அடுத்த முறை கையெழுத்துப் போடும்போது, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே.

கே: பணம் இருந்தால் கீழ் டிவிஷனில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்பதற்கு இங்கிலாந்து லீகில் ஆடும் ரெக்ஸம் கிளப் உதாரணம்தானே?
– அண்ணா நகர் வாசகர்

ப: பணம் பெரிய பலம்தான். 2023, 2024, 2025 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஏறியிருக்கிறார்கள். ஆனால் 2024-25-ல் அவர்கள் ஆடிய அதே டிவிஷனில் பர்மிங்ஹாம் சிட்டி 111 புள்ளி எடுத்தது, இரண்டாவதாக வந்த ரெக்ஸம் 92. பர்மிங்ஹாமும் பணக்கார டீம்தான், ஆனால் அந்தப் பணத்தை வைத்து நடுக்களத்தைக் கட்டினார்கள். கொரியாவின் பைக் சியுங்-ஹோவும் ஜப்பானின் டொமோகி இவாடாவும் பந்தை வைத்துக்கொண்டால் எதிராளி துரத்திக்கொண்டே இருப்பார். ஒரு சீசனுக்கு 46 மேட்ச். துரத்துகிறவன்தான் முதலில் களைப்பான்.

கே: பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் லீக் மேட்ச் பார்க்க வரலாம் என்றிருக்கிறேன். நடுக்களத்தைப் பார்க்க எங்கே உட்கார வேண்டும்?
– வேளச்சேரி வாசகர்

ப: வாருங்கள், கண்டிப்பாக வாருங்கள். இருக்கைக்கும் களத்துக்கும் நடுவில் ஓடுபாதை இருப்பதால் கீழ்ப்படியில் உட்கார்ந்தால் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராகத் தெரிவார்கள், இடைவெளி தெரியாது. மேலே ஏறுங்கள். மையக் கோட்டுக்கு நேராக, மேற்குப் பக்கம். சாயங்கால வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். முதல் பத்து நிமிஷம் ஒரு டீமின் எட்டாம் நம்பர், அடுத்த பத்து நிமிஷம் எதிர் டீமின் எட்டாம் நம்பர். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்வரிசையில் மடியில் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது நான்தான், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.